தக்காளிக்கு மருந்தடிக்க முன் ஒரு நிமிடம்...



2022 நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துப் பயிர் செய்யச் சொன்னார்கள். அந்த நேரம் நம் ஊர்களில் பல வளவுகளில் தக்காளியும் கொச்சிக்காயும் வந்தன. இன்றும் பல வீடுகளில் அது தொடர்வது சந்தோசம்.

ஆனால் கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்திருக்கிறது. ஒரு இலை சுருண்டால், ஒரு காய் கறுத்தால், உடனே கடைக்குப் போய் "தக்காளிக்கு ஒரு மருந்து தாங்க" என்கிறோம். கடைக்காரர் செடியைக் கண்டதில்லை. வாங்குபவருக்கும் என்ன நோய் என்று தெரியாது. அடிப்பது மட்டும் நடக்கிறது. அந்த வளவில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பழத்தைப் பறித்துக் கழுவாமலே கடிக்கிறார்கள்.

"முதலில் அவதானி, பிறகு முடிவெடு" என்று ஆசிரியர்களாகிய நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். அதைத் தக்காளியிலும் செய்வோம். வீட்டுத் தக்காளியின் முக்கியமான நாலு பிரச்சினைகளுக்கும் போத்தல் மருந்து தீர்வே இல்லை.

1. காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுகிறதா? இது கிருமி அல்ல. கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கரையோர ஊர்களின் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால் இதுதான் நடக்கும். தினமும் அளவாக ஊற்றுங்கள். அடியில் வைக்கோல் அல்லது காய்ந்த இலை பரப்புங்கள். யூரியாவைக் கூட்டாதீர்கள், அது நிலைமையை மோசமாக்கும். கறுத்த காயைக் கிள்ளிவிட்டால் போதும், அடுத்த காய்கள் நன்றாக வரும்.

2. பூ பூத்துக் கொட்டுகிறதா? கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் சூடு குறையாது. அந்தச் சூட்டில் பூ காயாகாது. மாரி மழை குறையும்போது நாற்று நட்டால் ஜனவரி, பெப்ரவரியில் பூக்கும். அப்போது காய் பிடிக்கும்.

3. குருத்திலை சுருண்டு, மஞ்சளாகி, செடி வளராமல் நிற்கிறதா? இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சின்ன வெள்ளை ஈக்கள் இருந்தால் அவை பரப்பும் வைரசாக இருக்கலாம். வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அகற்றினால் மற்றச் செடிகள் தப்பும். நாற்றுகளை ஆரம்பத்திலேயே வெள்ளை ஈ நுழைய முடியாத மிக நுண்ணிய வலைத் துணியால் மூடி வளர்ப்பது நல்லது.

4. இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடுகிறதா? அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர்க் கிளாசில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் போல நூல் நூலாக இறங்கினால் அது பக்டீரியா வாடல். இது மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். கத்தரி, கொச்சிக்காய், உருளைக்கிழங்கையும் பிடிக்கும். அந்த இடத்தில் இவற்றை விட்டு வெண்டி, பயற்றங்காய், சோளம் போடுங்கள். வாடலைத் தாங்கும் தக்காளி இனங்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இந்த நாலாவதில்தான் அயலவர் ஹக்கும் வருகிறது. பக்கத்து வீட்டுக்கு நாற்றுக் கொடுப்பது நம் ஊரின் அழகான பழக்கம். ஆனால் வாடல் வந்த மண்ணிலிருந்து பிடுங்கிய நாற்றோ, அந்த மண் ஒட்டிய மண்வெட்டியோ போனால் நோயையும் சேர்த்தே கொடுக்கிறோம். நல்லது செய்ய நினைத்து அயலவரின் வளவைக் கெடுத்தவர்களாவோம்.

மருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சில பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அது தேவைப்படும். அப்போதும் பெயர் தெரிந்த நோய்க்கு, பெயர் தெரிந்த மருந்தை, சொன்ன அளவில் அடிப்போம். அடித்து எத்தனை நாளில் பறிக்கலாம் என்று லேபலில் இருக்கும், அதை வாசிப்போம்.

சந்தேகமென்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் செடியைக் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம். இரண்டுக்கும் காசில்லை. கடையில் கொடுக்கும் காசும் மிச்சம், பிள்ளைகள் கடிக்கும் பழமும் சுத்தம்.

வளவில் தக்காளி வைத்திருக்கும் உறவுகளுக்கும் இதைப் பகிருங்கள்.