மிரட்டல், சிறைவைப்பு, கொலை... ஜப்பானின் 'பாய்ஸ் லவ்' படங்களில் ஏன் இத்தனை இருட்டு?

மனைவிக்குத் தெரியாமல் வேறு பெண்ணோடு பழகும் கணவர். அவரை வேவு பார்க்க மனைவி ஒரு தனியார் துப்பறிவாளரை அமர்த்துகிறார். வந்து நிற்பவரோ கணவரின் கல்லூரி ஜூனியர், பல வருஷமாக அவரை ஒருதலையாகக் காதலிப்பவர். ஆதாரம் கையில் சிக்கியதும் அவர் ஒரு டீல் பேசுகிறார். மனைவியிடம் சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால், அவரோடு நெருக்கமாக இருக்க வேண்டும்.

2020 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான 'தி கார்னர்டு மவுஸ் ட்ரீம்ஸ் ஆஃப் சீஸ்' படம் தொடங்குவது இப்படித்தான். சிம்பிளா சொன்னா, இது பிளாக்மெயில். ஆனால் படம் விற்கப்பட்டது காதல் கதையாக.

அதற்கு அடுத்த மாதமே டிவி டோக்கியோவில் 'செர்ரி மேஜிக்' தொடர் தொடங்கியது. 30 வயதுவரை பாலுறவு அனுபவமே இல்லாத ஒரு ஆபீஸ் ஊழியருக்கு, தொட்டவர் மனதைப் படிக்கும் சக்தி கிடைக்கும் இனிப்பான கதை. வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்கு 'பி.எல்.' என்றாலே இந்த மாதிரி கதைதான் நினைவுக்கு வரும். இரண்டுமே ஒரே வகைக்குள் எப்படி வந்தன?

இருட்டு எங்கிருந்து வந்தது?

தொடக்கத்திலேயே இருந்தது. ஆண்களுக்கு இடையிலான காதலை, பெரும்பாலும் பெண்கள் எழுத, பெண்கள் படிக்கும் இந்த வகை 1970களில் சிறுமிகளுக்கான மாங்கா இதழ்களில் பிறந்தது. கெய்கோ தகேமியா 1976ல் தொடங்கிய 'காசே தோ கி நோ உதா' அதன் முன்னோடிகளில் ஒன்று. பிரான்ஸில் ஒரு விடுதிப் பள்ளி. அங்கே படிக்கும் ஒரு சிறுவன், சொந்தக் குடும்பத்துப் பெரியவராலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவன்.

சிறுமிகள் படிக்கும் கதையில் இதெல்லாம் எதுக்கு? ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம் இது: ஆசையையும் வன்முறையையும் பற்றி பெண்கள் வெளிப்படையாகப் பேச முடியாத காலம் அது. பாதிக்கப்படுவது ஒரு பெண் என்றால், படிக்கும் சிறுமிக்கு அது தனக்கே நடப்பது போல இருக்கும். அதே விஷயம் தூரதேசத்து ஆண் பிள்ளைக்கு நடக்கும்போது கொஞ்சம் விலகி நின்று பார்க்க முடிந்தது.

இந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விலகலே பின்னால் ஒரு பழக்கமாகிவிட்டது. முதலில் வற்புறுத்தல், பிறகு காதல் என்பது இந்த வகையின் ஃபார்முலாவாகவே மாறியது. 1992ல் மசாக்கி சாட்டோ என்ற தன்பாலீர்ப்பு ஆர்வலர், ஒரு பெண்ணிய சிற்றிதழில் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். தங்களைப் போன்ற நிஜ ஆண்களின் வாழ்க்கைக்கும் இந்தக் கதைகளுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவரது கோபம். அந்த விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. இன்னும் தீரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திரைக்கு வந்தபோது

காகிதத்தில் கோட்டோவியமாக இருந்தவரை ஒரு கற்பனைத் திரை இருந்தது. நிஜ நடிகர், நிஜ உடம்பு என்று வரும்போது அது கிழிந்துவிடுகிறது.

2017ல் வந்த 'டபுள் மின்ட்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். இருவருக்குமே உச்சரிப்பில் ஒரே பெயர், இச்சிகாவா மிட்சுவோ. பள்ளியில் ஒருவன் இன்னொருவனை அடிமை போல நடத்தியவன். பல ஆண்டுகள் கழித்து அவனிடமிருந்து போன் வருகிறது. ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டேன், வந்து உதவி செய் என்கிறான். இவனும் போகிறான். 2020ல் வந்த 'டேஞ்சரஸ் டிரக்ஸ் ஆஃப் செக்ஸ்' இன்னும் ஒரு படி மேல். எல்லாவற்றையும் இழந்து உயிரை விடத் துணிந்தவனை முன்பின் தெரியாத ஒருவன் பிடித்து அடைத்து வைக்கிறான். சிறைவைப்பையே சிகிச்சை போலக் காட்டும் இந்தப் படத்துக்கு 18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் என்ற சான்றிதழ்தான் கிடைத்தது.

எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. 2020ல் வந்த 'ட்விட்டரிங் பேர்ட்ஸ் நெவர் ஃப்ளை' அனிமேஷன் படத்தின் யாகுசா தலைவன் யாஷிரோ, சிறுவயதில் மாற்றாந்தந்தையால் சீரழிக்கப்பட்டவன். தனக்கு நடந்ததை அவன் சாதாரணமாகச் சொல்லிச் சிரிப்பான். பார்ப்பவருக்குத்தான் தொண்டை அடைக்கும். இங்கே வன்முறை அலங்காரம் இல்லை. அது ஒருவனுக்குள் எப்படித் தங்கிவிடுகிறது என்பதே கதை.

நிஜ வாழ்க்கையில் என்ன நடந்தது?

1907ல் வந்த ஜப்பானிய தண்டனைச் சட்டப்படி, பாலியல் வல்லுறவுக்கு ஆளானவராக ஒரு ஆணைக் கருதவே முடியாது. 'டபுள் மின்ட்ஸ்' வெளியான அதே 2017ல்தான் அது திருத்தப்பட்டது. சம்மதம் இல்லாத உறவே குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொன்னதும், சம்மத வயது 13லிருந்து 16 ஆனதும் 2023 ஜூலையில். அதுவரை, ஆணுக்கு நடக்கும் வன்கொடுமை சட்டத்தின் கண்ணில் படாத காலத்திலும் கதைகளில் அது தாராளமாகப் புழங்கியது.

அதே 2023ல் இன்னொரு பூதமும் வெளியே வந்தது. ஆண் பாடகர் குழுக்களை உருவாக்கிய ஜானி கிட்டகாவா, தன்னிடம் பயிற்சிக்கு வந்த சிறுவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதை அவரது நிறுவனமே செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. அவர் 2019லேயே இறந்துவிட்டார். பையன்கள் சொன்னதை அத்தனை காலமும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் கொடுமை.

இந்தப் படங்கள்தான் அதற்குக் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று நினைத்த ஒரு சமூகத்தில், அதே சம்பவத்தைக் காதலின் முதல் படியாகக் காட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வேறு வழி இருக்கிறதா?

2023 பிப்ரவரியில் ஜப்பானில் திரைக்கு வந்த 'ஈகோயிஸ்ட்' அப்படி ஒரு முயற்சி. இது வழக்கமான பி.எல். படம் இல்லை. மகோட்டோ தகயாமாவின் சொந்த வாழ்க்கையைத் தழுவிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. படம் வருவதற்குள், 2020ல் அவர் இறந்துவிட்டார்.

(கதை தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) ஃபேஷன் இதழ் ஆசிரியர் கோசுகே. தாயைக் காப்பாற்ற உடலை விற்கும் உடற்பயிற்சியாளர் ரியூட்டா. அந்தத் தொழிலை விட்டுவிடு, மாதாமாதம் பணம் தருகிறேன் என்கிறார் கோசுகே. இதிலும் ஒரு டீல்தான் இருக்கிறது. ஆனால் கொடுப்பது அன்பா, சுயநலமா என்று படம் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ரியூட்டா திடீரென இறந்த பிறகும், அவரது அம்மாவுக்குக் கோசுகே பணத்தை நீட்டுகிறார். அந்த அம்மா முதலில் வாங்க மறுக்கிறார்.

இந்தப் படத்தின் நெருக்கமான காட்சிகளை வடிவமைக்கவும், தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்க்கை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும் தனித்தனி ஆட்கள் படப்பிடிப்பில் இருந்தார்கள். ரியூட்டாவாக நடித்த ஹியோ மியாசாவாவுக்கு அந்த ஆண்டின் ஆசிய திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது.