காரணம் இல்லாமல் கலகமா?

படம் பார்க்கப் போகிறவர்களில் பலர், கொஞ்சம் தாமதமாகவே போவார்கள். "முதலில் பெயர்கள்தானே ஓடும்? போனால் போகட்டும்!" என்பார்கள்.

சில படங்களை அப்படிப் பார்க்கக் கூடாது. கதையின் உயிரே தொடக்கத்தில்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு படம் 1955-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. பெயர், "ரெபெல் வித்தவுட் எ காஸ்". "காரணம் இல்லாத கலகக்காரன்" என்று பொருள். டைரக்டர், நிக்கலஸ் ரே. கதாநாயகன், ஜேம்ஸ் டீன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பிள்ளைகளின் கதை இது. இவர்கள் ஏழைகள் அல்ல. வீடு உண்டு, கார் உண்டு, படிப்பும் உண்டு. "எல்லாம் இருந்தும் பிள்ளைகள் ஏன் இப்படிக் கெட்டுப் போகிறார்கள்?" என்று அமெரிக்கப் பெற்றோர்கள் அப்போது கவலைப்பட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் படத்தின் தொடக்கமே பதில் சொல்லி விடுகிறது. பிரசங்கம் செய்யாமல் சொல்லுகிறது. எப்படி?

பொம்மைக் குரங்கு

நடு இரவு. ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. ஒரு வாலிபன் தள்ளாடி வந்து தரையில் விழுகிறான். நன்றாகக் குடித்திருக்கிறான். அவன் பெயர் ஜிம்.

எதிரே ஒரு பொம்மைக் குரங்கு கிடக்கிறது. தாளம் தட்டும் பொம்மை. அது தட்டுவதை வேடிக்கை பார்க்கிறான். பிறகு அதைப் படுக்க வைக்கிறான். ஒரு காகிதத்தை எடுத்து, அதற்குப் போர்த்தி விடுகிறான். தானும் பக்கத்திலேயே சுருண்டு படுக்கிறான்.

அவ்வளவுதான் காட்சி. ஆனால், காமிரா எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அது தரையோடு தரையாக இருக்கிறது. அவன் முகத்துக்கு நேராக இருக்கிறது.

நின்றுகொண்டு பார்த்தால் அவன் குடிகாரன். குனிந்து பார்த்தால் அவன் குழந்தை! டைரக்டர் நம்மைக் குனிந்து பார்க்க வைக்கிறார்.

அகலத் திரை

அடுத்த காட்சி போலீஸ் நிலையம். ஜிம்மைப் பிடித்து வருகிறார்கள். அங்கே இன்னும் இருவர் இருக்கிறார்கள். ஒருத்தி ஜூடி. மற்றவன் சிறுவன் பிளேட்டோ.

இது சினிமாஸ்கோப் படம். திரையின் உயரம் 1 அடி என்றால், அகலம் சுமார் 2½ அடி இருக்கும். பெரிய படை, பெரிய அரண்மனை ஆகியவற்றைக் காட்ட ஏற்ற திரை. நிக்கலஸ் ரே அதில் ஒரு போலீஸ் நிலையத்தைக் காட்டினார்!

ஏன்? மூன்று பிள்ளைகளையும் ஒரே படத்துக்குள் காட்டலாம். ஆனால் தள்ளித் தள்ளிக் காட்டலாம். நடுவே கண்ணாடித் தடுப்புகள் இருக்கின்றன. ஒருவர் மற்றவருக்குத் தெரிகிறார். ஆனால், ஒருவர் துயரம் மற்றவருக்குத் தெரியவில்லை.

சிவப்புக் கோட்டு

ஜூடி சிவப்புக் கோட்டு அணிந்திருக்கிறாள். உதட்டிலும் சிவப்புச் சாயம். அந்தச் சாயத்தைத் தந்தை முரட்டுத்தனமாக அழித்தார் என்று சொல்லி அழுகிறாள். தன்னை அழைத்துப் போக அவர் வருவார் என்று எதிர்பார்க்கிறாள். தாயார்தான் வருகிறார் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறுகிறது.

படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களும் சிவப்பு. பின்னால் ஜிம் அணியும் சட்டையும் சிவப்பு. இந்தப் படத்தை முதலில் கறுப்பு-வெள்ளையில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு வர்ணத்துக்கு மாற்றினார்கள். சிவப்பு இல்லாமல் இந்தப் படத்தை இப்போது நினைத்துப் பார்க்கவே முடியாது!

பிளேட்டோ நாய்க்குட்டிகளைச் சுட்டுவிட்டான். அன்று அவனுக்குப் பிறந்த நாள். தந்தை குடும்பத்தைப் பிரிந்து போய்விட்டார். தாயார் ஊரில் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண்மணிதான் துணைக்கு வந்திருக்கிறார்.

அவன் குளிரில் நடுங்குகிறான். ஜிம் தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். பிளேட்டோ வாங்க மறுக்கிறான். இந்தக் கோட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கேட்க ஒருவர்

ஜிம்மின் பெற்றோரும் பாட்டியும் வருகிறார்கள். விருந்துக்குப் போன உடையோடு வருகிறார்கள். மகனுக்கு என்ன துன்பம் என்று கேட்கவில்லை. தங்களுக்குள் வாதாடுகிறார்கள். இரண்டு பக்கமும் தன்னைப் பிய்த்து இழுப்பதாக ஜிம் கதறுகிறான்.

போலீஸ் அதிகாரி ஒருவர் அவனைத் தனியே அழைத்துப் போகிறார். "கோபத்தை இந்த மேஜைமீது காட்டு" என்று விட்டுவிடுகிறார். அவன் மேஜையைக் குத்திக் கையை நோகடித்துக் கொள்கிறான். பிறகு மனம் விட்டுப் பேசுகிறான். "கஷ்டம் வந்தால் என்னிடம் வா" என்கிறார், அதிகாரி.

பின்னால் கஷ்டம் வருகிறது. ஜிம் ஓடி வருகிறான். அப்போது அந்த அதிகாரி அங்கே இல்லை.

முடிவில் பிளேட்டோ போலீசாரின் குண்டுக்குப் பலியாகிறான். அப்போது அவன் உடம்பில் இருப்பது ஜிம் கொடுத்த சிவப்புச் சட்டை. முதலில் கோட்டை மறுத்தவன், இதை வாங்கிக் கொண்டான். இறந்து கிடப்பவனுக்கு ஜிம் அந்தச் சட்டையைப் பூட்டி விடுகிறான். அன்று பொம்மைக்குக் காகிதம் போர்த்தினானே, அதே கைகள்!

படம் 1955 அக்டோபரில் வெளிவந்தபோது ஜேம்ஸ் டீன் உயிரோடு இல்லை. செப்டம்பர் 30-ந் தேதி கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 24.

பெற்றோர் கடமை

படத்தில் குறையும் உண்டு. தந்தை சமையல் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்வதை, ஏதோ ஆண்மைக் குறைவுபோலக் காட்டுகிறார்கள். வீட்டு வேலை செய்வது யாருக்கும் இழிவு அல்ல. மகன் கேட்கும்போது பதில் சொல்லாததுதான் அந்தத் தந்தையின் தவறு.

"பிள்ளைகளைச் சினிமா கெடுக்கிறது" என்று சொல்லி விடுவது எளிது. அதைவிட, பிள்ளைகளோடு உட்கார்ந்து நல்ல படம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். "காமிரா ஏன் தரையில் இருக்கிறது? நடுவில் ஏன் கண்ணாடி?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பதில் சொல்லுவார்கள். படத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள், தங்களைப் பற்றியும் பேசுவார்கள்.

அப்போது குறுக்கே பேசாதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.