மகளுக்கு லெப்டொப் வாங்க மகளும் போகட்டும்

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகிவிட்டால் கல்லூரி வாசலில் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “டீச்சர், ஐ-ஃபைவ் எடுக்கவா, ஐ-செவன் எடுக்கவா?” கேட்பவர் வாப்பாவாக இருப்பார், இல்லாவிட்டால் காக்கா. அதைப் பாவிக்கப்போகிற பிள்ளை இரண்டடி தள்ளி நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. ஐ-ஃபைவ் என்பது ஒரு குடும்பப் பெயர். ஆளை அடையாளம் காட்டாது. ஏழாம் தலைமுறை ஐ-ஃபைவ் 7200யூ என்பதில் இருப்பது 2 கோர்கள். பன்னிரண்டாம் தலைமுறை 1235யூ என்பதில் 10. இரண்டின் மேலும் ஒட்டியிருப்பது ஐ-ஃபைவ் என்ற ஒரே ஸ்டிக்கர். பாவித்த லெப்டொப் வாங்குபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும். அதற்கு முந்தியதை மலிவாகத் தருகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் தருவதில்லை.

2022 மார்ச்சுக்கு முன்னர் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. இரண்டே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. லெப்டொப் முழுக்க முழுக்க வெளியிலிருந்து வரும் சாமான். எங்கள் வீடுகளில் அதற்கான காசு ஒரு போகத்து நெல்லிலிருந்து வரும். இல்லாவிட்டால் உம்மாவின் காப்பிலிருந்து வரும். பட்டப்படிப்பு நான்கு வருடம். அது முடிந்ததும் அதே லெப்டொப் தங்கச்சிக்குப் போகும். ஆகவே கடையில் இன்றைக்கு எவ்வளவு வேகம் என்று பார்த்தால் போதாது. எங்கள் வெயிலில் அது எப்படி ஓடும், மூன்று வருடத்துக்குப் பிறகு அதைத் திறந்து திருத்த முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெயிலைச் சும்மா சொல்லவில்லை. கடையில் ஏசி ஓடுகிறது. அங்கே எல்லா லெப்டொப்பும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும் பகலில், சீட் போட்ட கூரைக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அறை வெப்பம் 10 பாகை கூடினால் உள்ளேயிருக்கும் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே 10 பாகை கூடும். 100 பாகையை நெருங்கும்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைக்குத் தெரிவது, முதல் ஐந்து நிமிடம் பறந்த லெப்டொப் அரை மணித்தியாலத்தில் இழுக்கத் தொடங்குகிறது என்பதுதான். மெல்லிய உடம்புக்குள் சிறிய விசிறியும் சிறிய செப்புக் குழாயும்தான் கொள்ளும். வெப்பம் வெளியேற வழி குறைவு. அதே சிப் கொஞ்சம் தடித்த லெப்டொப்பில் நீண்ட நேரம் வேகம் குறையாமல் ஓடும். இதனால்தான் ஐ-செவனை மெல்லியதில் வாங்குவதைவிட ஐ-ஃபைவைத் தடித்ததில் வாங்கலாம் என்கிறேன். அதோடு, மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் படிக்கிற பழக்கத்தையும் விடவேண்டும். காற்று உள்ளே போகும் துவாரம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. பலகைத் துண்டொன்று போதும்.

அடுத்தது ரேம் என்கிற நினைவகம். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

சென்ற வருடங்களில் ஒரு பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த லெப்டொப் கண்ணைப் பறிக்கும் அழகு. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக்குறைந்த அளவும் அதுவேதான். ஆகக்குறைந்த அளவு என்றால் திறக்கும். வேலை செய்ய விடும் என்று அர்த்தமில்லை. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தைச் சேமிப்பகத்தில் எழுதி எழுதி எடுக்கும், அங்கேதான் தாமதம். ஒன்லைன் வகுப்பையும் குறிப்புகளையும் ஒன்றாகத் திறந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகக் கேட்டது. இன்னொரு 4 ஜிபி போடலாம் என்று கழற்றினால், ரேமும் சேமிப்பும் போர்டிலேயே ஒட்டவைக்கப்பட்டிருந்தன. போட இடமில்லை, கழற்றவும் வழியில்லை. உம்மாவின் காப்புதான் போனது.

கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லொட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். அங்கே ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம். ‘ரோ ஒஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் ஒட்டவைத்தது. பின்மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போகுமா என்பதையும் வாயால் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். டிடிஆர் 4க்கு உரியது டிடிஆர் 5இல் பொருந்தாது. அதையும் குறித்துவைத்தால் பிறகு அலைய வேண்டியதில்லை.

எனது யோசனை, 8 ஜிபியோடு ஒரு ஸ்லொட் வெறுமையாக உள்ளதை எடுத்து, கையில் காசு வரும்போது இன்னொரு 8 போடுவது. இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை வாரி எடுக்கத் தொடங்கியதும் உலகமெங்கும் ரேம் விலை ஏறியது. மைக்ரோன் நிறுவனம் சாதாரண பாவனையாளருக்கு விற்றுவந்த ‘குருஷியல்’ வியாபாரத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பிறகு போடலாம் என்று காத்திருந்தால் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டி வரலாம். வசதியுள்ளவர்கள் முதலிலேயே 16 வாங்கட்டும், தவறில்லை. ஆனால் அவர்களும் ஸ்லொட் உள்ளதாகப் பார்த்தே வாங்கட்டும். ஒட்டவைத்த ரேமில் ஒரு சிப் பழுதானால் போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

இவ்வளவையும் வாப்பாவும் காக்காவும் கேட்டுவரலாமே என்பீர்கள். கேட்பார்கள்தான். ஆனால் மகனுக்கென்றால் நாலு கடை ஏறி இறங்குகிற எங்களூர் ஆட்கள், மகளுக்கென்றால் பாரமில்லாததாக, வடிவானதாக ஒன்றைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அன்பு குறைவென்று சொல்ல மாட்டேன். அவளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற எண்ணம்தான். உண்மையில் அவளுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. மகன் இரவு ஒன்பது மணிக்கும் கூட்டாளி வீட்டுக்கோ கொமியுனிகேசனுக்கோ போய் வேலையை முடித்துவிடுவான். மகளுக்கு வீட்டிலிருப்பதை விட்டால் வேறில்லை. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது சவளக்கடை, சொறிக்கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் கல்முனைக்கு வர முடியாமல் நிற்பார்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு வகுப்பறை அந்தத் திரைதான்.

ஆகவே அவளையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். அந்த மூன்று விசைகளையும் அவளே அழுத்தட்டும். கடைக்காரரிடம் அவளே கேட்கட்டும். வாப்பா பக்கத்தில் நின்றால் போதும்.

சென்ற தவணையில் எங்கள் கணினிக் கூடத்தில் இரண்டு மாணவிகள், வேகம் போன பழைய லெப்டொப் ஒன்றை அணைத்து, மின்னைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, வெறும் ஸ்லொட்டில் 8 ஜிபி ஒன்றைச் சரித்துவைத்து அழுத்தினார்கள். ‘டிக்’ என்றது. திறந்து பார்த்தால் 16 காட்டியது. மூடிய பிறகு ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது. அது எந்த ஓட்டைக்குரியது என்று மூடியைத் திரும்பவும் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.