எஞ்சின் எப்போது கொதிக்கிறது?

பெங்களூரில் கார் கொதிக்க வெயில் தேவையில்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழிக் காலையில் ஸ்வெட்டரைத் தேட வைக்கும் குளிர். ஆனாலும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பானெட்டைத் திறந்து வைத்து, ஆவி பறக்க நிற்கும் கார்கள் புதிதல்ல. டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் நகர மையத்தில் 10 கி.மீ. தூரத்தைக் கடக்க சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆனது. ஓடுகிற காருக்குக் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. நிற்கிற காருக்கு ரேடியேட்டர் ஃபேன்தான் கதி.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனையும் இங்கேதான் இருக்கிறது. அதற்கு ஸ்பானர்கூட வேண்டாம். வெப்பமானி முள் எப்போது ஏறுகிறது என்று கவனித்தால் போதும். சிக்னலில் நின்றால் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் கோளாறு பெரும்பாலும் ஃபேன் பக்கம். நகருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் ஏறினால் ஃபேன் நிரபராதி. ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், குறைந்துபோன கூலன்ட் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். கிளம்பிய சில நிமிடங்களிலேயே சிவப்பைத் தொட்டால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், அல்லது கூலன்ட் அநேகமாகக் காலி. 'வண்டி சூடாகிறது' என்று மட்டும் சொல்லி காரேஜில் விட்டால் ஒவ்வொரு உதிரிபாகமாக மாற்றிப் பார்ப்பார்கள்; பில் நீளும். எப்போது சூடாகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட்தான் சுமந்து வெளியேற்றுகிறது. அது கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. பெங்களூரின் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மூடியோ பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். எனவே செலவு குறைந்த சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் மூடி வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், அதே எண் உள்ளதைக் கேட்க வேண்டும்.

ஆனால் அந்த மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய மறுகணம் உள்ளே இருப்பது ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். எஞ்சினை அணைத்து, மேல் ஹோஸ் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை, குறைந்தது ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பிறகும் கனமான துணியைப் போட்டு மெல்லத் திருகுவதே சரி. ஃபேன் அருகே கை வைப்பதிலும் கவனம் தேவை. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகவே சுழலத் தொடங்கும்.

ஆறிய எஞ்சினில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை பல இல்லை. ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்திருந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். இரவில் காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் கறை காட்டிக் கொடுத்துவிடும். வாட்டர் பம்புக்குக் கீழே பச்சையாகவோ சிவப்பாகவோ காய்ந்த தடம் இருந்தால் அதன் சீல் போய்விட்டது. காருக்குள் இனிப்பான வாடையும் மிதியடியில் ஈரமும் இருந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது.

ஃபேனைச் சோதிக்க ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஃபேன் உள்ள கார்களில் ஏ.சி.க்கு அது சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றாவிட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சர் பக்கம் பார்க்க வேண்டும். எதற்குமே சுற்றாவிட்டால் முதலில் ஃப்யூஸ், பிறகு ரிலே. அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய உத்தி.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பு போதும். அதைக் கழற்றி, சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டுச் சூடேற்ற வேண்டும். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருந்தால் பெங்களூரின் 97 டிகிரிக் கொதிநீரில் நன்றாகவே திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போட வேண்டியதுதான். 'நம் ஊருக்கு இது எதற்கு?' என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. முள் இறங்கும், எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

இத்தனைக்கும் பின்னால் இருக்கும் உள்ளூர் எதிரி தண்ணீர். பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் டேங்கர் லாரியிலும் காலம் தள்ளியவர்களுக்கு வாளியிலும் கீசரிலும் படியும் வெள்ளைப் படலம் நன்றாகத் தெரியும். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே சுண்ணாம்பு மெல்லிய குழாய்களில் படிந்து அவற்றை அடைக்கும். 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டத்தில் புறநகருக்கு வரும் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லதுதான். ஆனால் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும், கார் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்ட்டும்தான் சரி. கூலன்ட் பனி உறையும் நாடுகளுக்கு மட்டும் என்ற நினைப்பு தவறு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஒரு எச்சரிக்கை: அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். வடித்ததைத் திறந்து வைத்தால் குழந்தைகளுக்கும் தெரு நாய்களுக்கும் ஆபத்து.

நிரப்பும்போது அவசரம் கூடாது. மெல்ல ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் புது கூலன்ட்டும் கொதிக்கும்.

வீட்டு வைத்தியத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் களிம்பு, புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை, காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் ரேடியேட்டரில் விடாத குமிழிகள். இவற்றில் எதைக் கண்டாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் காரேஜ்தான்.

அந்த நிலைக்குப் பெரும்பாலும் கொண்டுபோவது கோளாறு அல்ல, 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்ற எண்ணம். அம்பாசடர் காலத்தில் டிக்கியில் ஒரு தகர டின் தண்ணீர் இருக்கும். மலைப் பாதையில் கொதித்தால் நிறுத்தி, ஆறவிட்டு, ஊற்றிக்கொண்டு போவார்கள். அதன் வார்ப்பிரும்பு ஹெட் பொறுத்துக்கொண்டது. 1983-ல் வந்த மாருதி 800-லிருந்து ஹெட் அலுமினியம். அதிகம் சூடானால் வளைந்துவிடும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசலும் விடலாம். போதாததற்கு, இன்றைய பல கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இடையில் எச்சரிக்கை இல்லை.

ஆகவே சிவப்பு எரிந்ததும் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான முதல் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட வேண்டும். பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கத்தான் செய்வார். ஹெட்டைக் கழற்றிப் போடும் செலவை அவர் தரப்போவதில்லை.