நம் பேச்சுத் தமிழ் பிழைத் தமிழா?

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து, இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழையும் ஒரு பாடமாக எடுத்து, இன்று கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவியாக இருக்கும் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. தமிழில் நன்றாக எழுதத் தெரிந்த நண்பர்கள்கூட, நான்கு பேர் நடுவில் வாய் திறக்கும்போது ஏன் ஆங்கிலத்திற்குத் தாவுகிறார்கள்? மொழி தெரியாததால் அல்ல. தாங்கள் பேசுவது ‘சரியான தமிழ்’ இல்லை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்ததால்தான் என்று நினைக்கிறேன். “மலேசியத் தமிழா? அது பாதி மலாய் ஆயிற்றே!” என்ற கிண்டலை ஒரு பயிலரங்கில் நானும் கேட்டிருக்கிறேன். சொன்னவர் சிரித்தார், அரங்கும் சிரித்தது. பிறகு வந்த கேள்வி நேரத்தில் மாணவர் ஒருவர்கூடத் தமிழில் கேள்வி கேட்கவில்லை.

பல நாடுகளில் வாழும் மொழி பல விதமாகத்தான் ஒலிக்கும். இதைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்காவின் ஃபுலா மொழியைப் பார்க்கலாம். மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே சூடான் வரை ஏறத்தாழ 20 நாடுகளில், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி அது. மாடு மேய்த்துக்கொண்டு புல்வெளி தேடிச் சென்ற மக்களோடு அதுவும் பரவியது. அதன் பெயரே இடத்துக்கு இடம் மாறும். செனகல், கினி போன்ற மேற்கு நாடுகளில் ‘புலார்’ என்பார்கள். மாலி, நைஜீரியா, கேமரூன் பக்கம் ‘ஃபுல்ஃபுல்டே’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடுகளில் பிரெஞ்சுச் சொற்கள் கலந்தன. நைஜீரியாவில் ஹவுசா, ஆங்கிலச் சொற்கள் கலந்தன. இரு கோடிகளில் இருப்பவர்கள் சந்தித்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எளிதில் விளங்காது. ஆயினும் இவற்றை ஒரே மொழியின் வட்டார வழக்குகளாகவே அறிஞர் பலர் பார்க்கிறார்கள்.

அவர்களுக்கு இருந்த பெரிய சிக்கல் எழுத்து. சிலர் அரபு எழுத்தில் எழுதினார்கள், சிலர் ரோமன் எழுத்தில் எழுதினார்கள். 1966-இல் மாலியின் தலைநகர் பமாகோவில் யுனெஸ்கோ ஒரு கூட்டம் நடத்தியது. ஃபுலா உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க மொழிகளுக்குப் பொதுவான எழுத்துமுறை காண்பதே அதன் நோக்கம். 1989-இல் கினி நாட்டில் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற இரு சகோதரர்கள் ஃபுலா ஒலிகளுக்கென்றே ஒரு புதிய எழுத்தை உருவாக்கினார்கள். அப்போது மூத்தவருக்கு 14 வயது, இளையவருக்கு 10. ‘அட்லம்’ எனப்படும் அந்த எழுத்து 2016-இல் யூனிக்கோடில் சேர்ந்தது. இன்று கைப்பேசியிலேயே அதைத் தட்டச்சு செய்யலாம்.

அவர்கள் இவ்வளவு பாடுபட்டுத் தேடிய பொது எழுத்து நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. பமாகோ கூட்டம் நடந்த அதே 1966-ஆம் ஆண்டு ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில்தான் கூடியது. அதற்கு முன்னின்று உழைத்த தனிநாயகம் அடிகளார் இலங்கையில் பிறந்தவர், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். பல நாட்டு அறிஞர்கள் தமிழுக்காகக் கூடிய இடம் இது. சென்னையும் யாழ்ப்பாணமும்தான் தமிழுக்குச் சொந்தம், நாம் ஓரத்தில் நிற்பவர்கள் என்று எண்ண இந்நாட்டு மாணவருக்கு ஒரு காரணமும் இல்லை.

கிள்ளானில் அச்சாகும் தமிழை மதுரைக்காரர் படிக்கலாம், யாழ்ப்பாணத்தாரும் படிக்கலாம். கனடா நாட்டு நகரைத் தமிழ்நாட்டார் ‘டொரன்டோ’ என்றும் ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்றும் எழுதுவது போன்ற சிறு வேறுபாடுகள் உண்டு. அதனால் படிப்பது நின்றுவிடுவதில்லை. எழுத்து நம்மை இப்படி ஒன்றாக வைத்திருக்கும்போது, பேச்சு ஊருக்கு ஊர் மாறுவதைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த இலங்கைத் தமிழர் பலர் இங்கே குடியேறினார்கள். ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. யாழ்ப்பாணத்தார் ‘பேசுவது’ இல்லை, ‘கதைப்பார்கள்’. நாம் ‘இது’, ‘அது’ என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ள, அவர்கள் ‘உது’ என்ற சொல்லையும் காத்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையுமே சுட்டு என்கிறது. நம் காதுக்கு விநோதமாகப் படுவது பழந்தமிழாக இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் தோட்டத்துத் தமிழுக்கும் இப்படிக் கதைகள் உண்டு. கிள்ளான் பக்கத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி ரப்பரைக் ‘கித்தா’ என்பார். அது மலாய் ‘கெத்தா’. ‘கம்பம்’ என்பது கம்போங். ‘மண்டோர்’ போர்த்துகீசியத்திலிருந்து மலாய் வழியாக வந்தது. தார்ச்சாலையைக் குறிக்கும் ‘சடக்கு’ வட இந்தியச் சொல். அதே பாட்டி காலையில் நம்மை ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பார். தமிழ்நாட்டில் பலர் ‘டிபன்’ சாப்பிடும் நேரத்தில் நாம் பசியாறுகிறோம். ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்கிறோம். தமிழ்நாட்டார் ‘எண்ணெய்ப்பனை’ என்பதை நாம் ‘செம்பனை’ என்கிறோம். இவற்றில் எது கலப்பு, எது தூய்மை?

“அப்படியானால் தேர்விலும் ‘சடக்கு’ என்று எழுதலாமா?” என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கட்டுரையில் ‘சாலை’ என்றே எழுதுவோம். பொது எழுத்துத்தமிழை நன்றாகக் கற்பது நம் கடமை, உலகத் தமிழரோடு நம்மை இணைப்பது அதுதான். ஆனால் ‘சடக்கு’ என்று சொன்ன பிள்ளையிடம் “தப்பு” என்று முடித்துவிடாமல், “இது நம் ஊர் வழக்கு, எழுத்தில் சாலை என்போம்” என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு சொற்கள் கிடைக்கும். “தப்பு” என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை அது ‘ரோட்’ என்றுதான் சொல்லும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘லா’ போடுவதை வட்டார வழக்கு என்று நான் வாதாட வரவில்லை. வழக்கு என்பது ஒரு சமூகம் உழைத்து வாழ்ந்த இடத்தில் உருவாவது, சோம்பலில் உருவாவது அல்ல.

அந்த இடங்கள் வேகமாக மறைந்து வருவதே என் கவலை. இன்றைய புத்ராஜெயா ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் பேரங்காடிகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் போனதும் காலைப் ‘பெரட்டு’ போயிற்று. குழந்தைகளை விட்டுச் சென்ற ‘ஆயாக்கொட்டகை’ போயிற்று. கணக்கு எழுதிய ‘கிராணி’யும் போனார். இச்சொற்களைச் சொன்ன தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் பேசியது கொச்சை என்று நாம் ஒதுக்கினால், அவர்கள் வாழ்க்கையைச் சொல்ல வேறு சொற்கள் நம்மிடம் இல்லை.

ஆகவே நம் பள்ளி, கல்லூரித் தமிழ்க் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப்போட்டி, கவிதைப்போட்டியோடு சொல் சேகரிப்பையும் ஆண்டுப் பணியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் ஒரு பெரியவரிடம் பத்துச் சொற்கள் கேட்டு எழுதட்டும். சொல், பொருள், எந்தத் தோட்டம், எந்த வேலை, அதை வைத்து அவர் சொன்ன ஒரு வாக்கியம், இவ்வளவு போதும். அனுமதி பெற்று அவர் குரலையும் கைப்பேசியில் பதிவு செய்யலாம். முப்பது மாணவர்கள் சேர்ந்தால் முந்நூறு சொற்கள். பத்து வயதிலும் பதினான்கு வயதிலும் இருந்த இருவர் ஒரு மொழிக்கு எழுத்தே படைத்தார்கள். எழுத்தைக் கையில் வைத்திருக்கும் நாம், நம் பெரியவர்களின் சொற்களை அதில் எழுதி வைக்கலாமே.