ஓடுகிறவன் மேல் வண்டி ஏறினால் யாரைக் கேட்பது?

பவுஜா சிங். பஞ்சாப்காரர். வயது 114. லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோதே அவருக்கு 89 வயது. 2011-ல், நூறாவது வயதில், கனடாவில் டொரண்டோ நகரில் 42 கிலோ மீட்டரையும் ஓடி முடித்தார். உலகமே வாயைப் பிளந்தது.

அந்த மனிதரை நோய் சாய்க்கவில்லை. முதுமையும் சாய்க்கவில்லை. 2025 ஜூலை 14-ந் தேதி, ஜலந்தர் அருகே சொந்த ஊர்ப் பக்கம் ரோட்டைக் கடந்தார். ஒரு கார் அடித்துத் தூக்கிப் போட்டது. நின்று பார்க்கக்கூட இல்லை, பறந்து விட்டது! பிறகுதான் போலீஸ் டிரைவரைப் பிடித்தது.

"பஞ்சாப் சமாசாரம் நமக்கு எதுக்கய்யா?" என்கிறீர்களா? நமக்கும் சங்கதி இருக்கிறது.

விடிகாலை 4 மணி

மெரினா பக்கம் அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். கும்பல் கும்பலாக ஓடுகிறார்கள். 2006-ல் ஆரம்பித்த 'சென்னை ரன்னர்ஸ்' போன்ற கிளப்காரர்கள் ஒரு பக்கம். டாக்டர், கம்ப்யூட்டர் என்ஜினீயர், ரிட்டயர் ஆன ஆபீசர், குடும்பப் பெண்கள் எல்லோரும் உண்டு.

இன்னொரு பக்கம் ராயபுரம், வியாசர்பாடிப் பிள்ளைகள். இவர்கள் ஓடுவது மெடலுக்கு அல்ல, போலீஸ் வேலைக்கு! இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். ஒரு விநாடி தவறினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாதிப் பேர் காலில் தேய்ந்த ஷூ. சிலருக்கு அதுவும் கிடையாது.

இவர்களோடு மீன் கூடைக்காரி, பால் பாக்கெட் பையன், ரோடு கூட்டும் அம்மா.

இதே நேரத்தில்தான் விடிய விடியக் குடித்தவன் காரை எடுக்கிறான். ராத்திரி முழுக்கக் கண் விழித்த வேன் டிரைவர் தூங்கி விழுகிறான். ராத்திரி முடியாதவனும் பகல் தொடங்கியவனும் ஒரே ரோட்டில்! விபரீதம் நடக்க வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் கூத்து

சென்னை மாரத்தான் அண்மை ஆண்டுகளாக ஜனவரி மாதம் நடக்கிறது. சென்னையில் வெயிலும் புழுக்கமும் சற்று அடங்குவது அப்போதுதான். அன்றைக்குத் தடுப்பு உண்டு, போலீஸ் உண்டு, தண்ணீர் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. "பஸ் சுத்திப் போகுதே" என்று பயணிகள் முணுமுணுப்பார்கள். நியாயம்தான். எந்த பஸ், எந்த வழி என்று ஒரு வாரம் முன்னாலேயே ஸ்டாப்பிங்கில் எழுதி வைத்தால் என்ன?

ஆனால் அது ஒரு நாள். 42.195 கிலோ மீட்டர் ஓடுகிறவன் அதற்கு மூன்று, நான்கு மாதம் பழக வேண்டும். அந்த நாளெல்லாம் யார் காவல்?

சட்டம் என்ன சொல்கிறது?

அஜாக்கிரதையாக ஓட்டி ஆளைக் கொன்றால், முன்பு 2 வருஷம் வரை ஜெயில். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி 5 வருஷம் வரை போடலாம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் இருந்து இந்தத் தொகை. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். எத்தனை குடும்பத்துக்கு இது தெரியும்?

பணம் வரும். போன உயிர் வருமா?

செய்ய வேண்டியது

மாநகராட்சி மைதானங்களை விடிகாலை நாலரைக்கே திறக்க வேண்டும். லைட் எரிய வேண்டும். மெரினா உட்புறச் சாலையில் 4 மணி முதல் 6 மணி வரை வண்டிகளை நிறுத்த வேண்டும். குடித்து ஓட்டுகிறவனைப் பிடிக்கும் சோதனை நடுராத்திரியோடு முடியக் கூடாது. விடிகாலையிலும் வேண்டும்.

ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓடுங்கள். வெள்ளைச் சட்டை போடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். நாலு பேர் கைகோத்தாற்போல ரோட்டை அடைத்துக்கொண்டு அரட்டை அடிக்காதீர்கள்.

கிளப்காரர்களே! போலீஸ் வேலைக்கு ஓடும் பிள்ளைகளையும் உங்கள் கும்பலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டமாக ஓடினால் டிரைவர் கண்ணில் படும். பழைய ஷூ இருந்தால் கொடுங்கள். நாளைக்கு உங்கள் பந்தயத்துக்குக் காவல் நிற்கப் போவது அந்தப் பிள்ளைதான்!

ஓடி முடித்தவர் கழுத்தில் மெடல் விழட்டும். படத்துக்கு மாலை விழ வேண்டாம்!