திரும்பி வரமாட்டேன் என்று யார் சொன்னது?

எனக்குக் கனடாவில் குடியேறும் ஆசை இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைக் கண்டிராத, என் குரலை ஒருதரம்கூடக் கேட்டிராத ஓர் அதிகாரி, இவள் வந்தால் திரும்பிப் போகமாட்டாள் என்று முடிவெடுத்து எழுதிவிட்டார். அந்தக் கடிதம் வந்து சில கிழமையில் என் தம்பி செத்துப்போனான்.

அவனை வளர்த்தது நான். அம்மா கண்ணை மூடியபோது அவன் நடை பழகிக் கொஞ்சக் காலம்தான். சோறு தீத்தி, தலை இழுத்து, காய்ச்சலென்றால் இரவிரவாக மடியில் கிடத்தி, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டு வளர்த்தேன். அவன் ஓ.எல். எழுதி முடிக்கட்டும் என்று என் கலியாணத்தையே தள்ளிப்போட்டேன். 83 கலவரத்துக்குப் பிறகு இளம் பெடியன்கள் ஊரில் இருக்க ஏலாது என்று ஆனபோது, தாலிக்கொடியை விற்று அவனை அனுப்பிவைத்ததும் நான்தான். போ, உயிரோடு இரு, அது போதும் என்றுதான் அனுப்பினேன்.

கனடா என்ற பெயரை நாங்கள் நம்பிக்கையோடு சொன்ன காலம் அது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்துக்கொண்டிருந்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். வடமராட்சியில் நாங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கதைத்தோம். முன்பின் தெரியாத சனத்தைத் தூக்கி எடுத்திருக்கிறார்கள், நல்ல சனம், எங்கள் பிள்ளைக்கும் அங்கே ஒரு வழி இருக்கும் என்றோம். அதற்கு முந்தைய வருடம், 1985இல், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் சிங் என்பவருடைய வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அகதி என்று வந்து நிற்பவன் சொல்வதை நம்புவதா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், அவனை நேரில் கேட்காமல் தள்ளிவிடக் கூடாது என்று. என் தம்பிக்கு அதன் பலன் கிடைத்தது. ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து, அவன் கதையை ஒரு மனிதர் கேட்டார். நம்பினார்.

அவனுடைய அக்காவிடம் யார் கேட்டது? இவள் திரும்பிப் போகமாட்டாள் என்று எழுதுவதற்கு முன் ஒரு தொலைபேசி எடுத்திருக்கக் கூடாதா? ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?

தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று மச்சாள் போனில் சொன்னபோது வருத்தம் முற்றியிருந்தது. கொஞ்ச மாதம்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவன் போனை வாங்கி, "அக்கா, ஒருக்கா வந்திட்டுப் போ" என்றான். வந்து இரு என்று சொல்லவில்லை. வந்திட்டுப் போ என்றான்.

போவதற்கு என்னவெல்லாம் கேட்கிறார்கள் தெரியுமா? என் பென்சன் கடிதம், வங்கிக் கணக்கின் பல மாத வரவுசெலவு, வீட்டு உறுதி, தம்பியின் அழைப்புக் கடிதம், அவனுடைய சம்பளத் துண்டு, வரிப் பத்திரம், அவன் பிள்ளைகளின் பத்திரம், ஆஸ்பத்திரிக் கடிதம். எல்லாம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் வேண்டும். தமிழில் இருந்தவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றினோம். விண்ணப்பத்துக்கு 100 டொலர், கைரேகைக்கு 85 டொலர். எங்கள் காசில் அன்று 40,000 ரூபாய்க்கு மேல். மறுத்தாலும் அந்த 100 டொலர் திரும்பி வராது. இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவி, வரிசையில் நின்று பத்து விரலையும் கண்ணாடியில் வைத்தேன். வைக்கும்போது ஒரு நம்பிக்கை இருந்தது. விரலைக்கூடக் கேட்கிறார்கள், இவ்வளவு கவனமாகப் பார்ப்பவர்கள் என் கடிதத்தையும் வாசிப்பார்கள்தானே என்று.

சுப்பர் விசா என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அது 2011இல் வந்தது. 2022இலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம்கூட இருக்கலாம். நல்ல திட்டம், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அது பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் மட்டும். நான் அவனைப் பெறவில்லை, வளர்த்தேன். வளர்த்தவளுக்கு அங்கே இடமில்லை. படிவத்தில் நான் வெறும் சகோதரி.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதவே தொடங்கினேன்.

குடும்ப விபரம் என்று ஒரு படிவம் இருக்கிறது. பெற்றோர், துணைவர், பிள்ளைகள், சகோதரங்கள் எல்லோருக்கும் கட்டம் போட்டிருக்கும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தொழில், இப்போதைய முகவரி. எனக்கு ஒரே மகன். 2009 மே மாதம் வட்டுவாகலில் அவனைக் கையளித்தோம். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். யாரிடம் கையளித்தோம் என்பது உலகத்துக்கே தெரியும். அதன் பிறகு அவனைக் காணவில்லை. இப்போது சொல்லுங்கள், முகவரி என்ற கட்டத்தில் நான் எதை எழுதுவது?

படிவம் நிரப்பித்தந்த பெடியன் நல்லவன்தான். கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அம்மா, இறந்தவர் என்று போட்டால் சுகம்" என்றான். எழும்பி வெளியே வந்துவிட்டேன். தம்பியைப் பார்ப்பதற்காக மகனைச் சாகடிக்கச் சொல்கிறானே! இத்தனை வருடத்தில் எத்தனை பேர் மரணச் சான்றிதழ் எடு, நட்டஈடு எடு என்று வந்து நின்றார்கள். வாங்கவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் போய் இருந்தவள் நான். என்னோடு இருந்த எத்தனையோ தாய்மார் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்வது? திரும்பி உள்ளே போய், காணாமல் ஆக்கப்பட்டவர் என்று எழுது தம்பி என்றேன். எழுதினான். முகவரிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டான்.

மறுப்பு வந்தது. மருமகன், தம்பியின் மகன், அங்கே 5 டொலர் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் என் கோப்பில் எழுதியிருந்த குறிப்பை எடுத்தான். சில வரிதான். விதவை. சொந்த நாட்டில் இவரை நம்பி வாழ்வோர் எவரும் இல்லை. சகோதரன் கனடாவில். வெளிநாட்டுப் பயணம் செய்த வரலாறு இல்லை. ஆகவே தங்கும் காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்ற திருப்தி இல்லை. குடிவரவு ஒழுங்குவிதிகளில் 179ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும், வராவிட்டால் இல்லை.

மகன் இல்லை என்பதால் எனக்கு இந்த மண்ணில் பிடிப்பு இல்லையாம். ஐயோ, அவன் இல்லாதபடியால்தானே நான் இங்கே கிடக்கிறேன்! அவனுக்குத் தெரிந்த வீடு இது. அவன் வந்து கேற்றில் கை வைத்தால் திறக்க நான் இருக்க வேண்டும். அதற்காகத்தானே கூரை ஒழுகியும் வீட்டை விற்கவில்லை, கொழும்பில் வந்து இருங்கள் என்று சொந்தக்காரர் கேட்டும் போகவில்லை, போன் இலக்கத்தைக்கூட மாற்றவில்லை. உலகத்தில் எந்த நாட்டில் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி ஓடிவரக்கூடிய ஒருத்தி இருந்தால் அது பிள்ளையைத் தொலைத்த தாய்தான். இதை ஒரு பக்கத்தில் எழுதி, மொழிபெயர்த்து, விண்ணப்பத்தோடு வைத்தேன். குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாசித்தார்களா? வாசித்துவிட்டுத்தான் தள்ளினார்களா? எது பெரிய கொடுமை என்று எனக்கே தெரியவில்லை.

2018இலிருந்து சினூக் என்று ஒரு மென்பொருளை வைத்திருக்கிறார்களாம். எக்செல் அட்டவணையில் பல பேருடைய விபரத்தை வரிவரியாகப் பார்க்க முடியுமாம். முடிவை மனிதர்தான் எடுக்கிறார் என்று அவர்கள் சொல்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் என் மகன் அந்த வரியில் என்னவாக இருந்தான்? முகவரி இல்லாத ஒரு வெற்றுக் கட்டமாகவா?

போனவர்கள் பலர் திரும்பவில்லைதானே, அதனால்தான் பயப்படுகிறார்கள் என்று எங்கள் ஆட்களே எனக்குச் சொன்னார்கள். உண்மை, சிலர் திரும்பவில்லை. உயிருக்குப் பயந்து தங்கியவர்கள் உண்டு, பிழைப்புக்காகத் தங்கியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் யாரோ தங்கியதற்கு, சாகக் கிடக்கிறவனின் அக்காவா தண்டனை அனுபவிப்பது? எழுபதை எட்டிப்பிடிக்கிற ஒரு கிழவி, முழங்கால் தேய்ந்தவள், பனிக்குள் போய் எந்தத் தொழிற்சாலையில் ஒளிந்து வேலை செய்யப் போகிறாள்?

வழக்குப் போடலாம் என்றார்கள். வெளிநாட்டில் எடுத்த முடிவென்றால் 60 நாளுக்குள் பெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வென்றாலும் நீதிமன்றம் விசா தராது. இன்னொரு அதிகாரி திரும்பப் பார்க்கட்டும் என்று அனுப்பும். அதற்குள் மாதக்கணக்கு ஓடிவிடும். புற்றுநோய் அந்தத் தவணையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்குமா? மறுபடியும் காசு கட்டி மறுபடியும் விண்ணப்பித்தோம். பதில் வருமுன் அவன் போய்விட்டான்.

செத்தவீட்டைப் போனில் பார்த்தேன். பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். தேவாரம் ஓதியது கேட்டது, பிறகு படம் உறைந்தது, பிறகு வந்தது. வாய்க்கரிசி போடுகிறவர்கள் வரலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே குந்தியிருந்தேன். எங்கே போடுவது? போனிலா? அவன் வாய்க்கு முதல் சோறு தீத்தியவள் நான். கடைசி அரிசி போட எனக்கு அனுமதி இல்லை. மருமகன் பொத்தானை அழுத்தினான், பெட்டி உள்ளே போனது, படம் நின்றுவிட்டது.

அந்தியேட்டிக்கு மருமகன் சாம்பலைக் கொண்டுவந்தான். கீரிமலையில் கரைத்தோம். அவனுக்கு இங்கே வர என்ன கேட்டார்கள்? இணையத்தில் விண்ணப்பித்துக் காசு கட்டினான், அனுமதி வந்தது, விமானம் ஏறினான். திரும்பிப் போவாயா என்று யாரும் சந்தேகப்படவில்லை. வங்கிப் புத்தகம் கேட்கவில்லை, கைரேகை கேட்கவில்லை. மாமி, மாமி என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் பிள்ளை, அவனில் எனக்கு என்ன கோபம்? அவன் அப்பாவையும் என்னையும் ஒரே வயிறு சுமந்தது. ஒருவனுடைய பிள்ளை கேள்வியில்லாமல் கடல் தாண்டுகிறான், மற்றவள் சாவுக்குக்கூடத் தாண்டக் கூடாது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கனடாவில் இருக்கிற பிள்ளைகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். அந்த அதிகாரி இதை வாசிக்கப் போவதில்லை. 2016இல் உங்கள் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஏற்றது. பொங்கலுக்கு எம்.பி.மார் வேட்டி கட்டி வந்து பானைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், நீங்கள் மாலை போடுகிறீர்கள். 2022இல் அதே நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழினப்படுகொலை நினைவு நாளாக ஒரே குரலில் ஏற்றது. அந்தச் செய்தி வந்த அன்று நான் சாமியறையில் விளக்கேற்றி அழுதேன். எங்கள் வலியை ஒரு பெரிய நாடு கண்டுகொண்டது என்று அழுதேன். என் மகன் அந்த மே மாதத்துக்காரன். அவனுக்காக எழுந்து நின்று துக்கம் காத்த நாடு, அவன் பெயருக்கு நேரே கோடு கிடக்கிறது என்பதற்காக என்னைத் தள்ளியிருக்கிறது. அப்படியென்றால் யாருக்காக அந்தத் துக்கம்? செத்தவர்களுக்கு மட்டுமா? மிச்சமாகிக் கிடக்கிற நாங்கள் அந்தத் தீர்மானத்தில் எங்கே இருக்கிறோம்?

இப்போது மச்சாள் தனித்துப்போனாள். ஒருக்கா வாங்கோ மச்சாள் என்று கேட்கிறாள். திரும்பவும் அந்தப் படிவம். உங்களுக்கு முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று கேட்கும், ஆம் என்று எழுத வேண்டும். தம்பி போனாலும் அந்த மறுப்பு என் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும்.

தேர்தல் வரும்போது உங்கள் வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள். கைகுலுக்கிப் படம் எடுக்க முன்னம் அவர்களிடம் கேளுங்கள். சாகக் கிடக்கிறவரைப் பார்க்க வருகிறவருக்குத் தனியாக ஒரு வழி ஏன் வைக்கக் கூடாது? ஒரு தொலைபேசியாவது எடுத்துக் கேட்காமல் ஏன் தள்ளுகிறார்கள்? கேட்டுவிட்டு, இதையும் எனக்காகக் கேளுங்கள்: 2009 மே மாதம் கையளித்த பிள்ளைக்கு, முகவரி என்ற அந்தக் கட்டத்தில் ஒரு தாய் எதை எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள்?